பேச்சு போனவரிடமே முதலில் கேளுங்கள்

கிருஷ்ணன்கோவிலில் மதுரை ரோட்டிலிருந்து வத்திராயிருப்பு ரோடு பிரிகிற இடத்தைச் சுற்றித்தான் என் வைத்தியமெல்லாம் நடந்தது. சுந்தரபாண்டியத்து நெசவாளி, கூமாபட்டி விவசாயி, ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் பார்த்து ஓய்ந்தவர், ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிப் பாட்டி என்று பலதரப்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் பக்கவாதம் கண்டு பேச்சு நின்றுபோன பிறகும் வந்தார்கள். வாயைத் திறந்தால் வேண்டிய சொல் வராது. வந்தாலும் வேறு சொல் வரும். சிலருக்கு நாம் சொல்வதே பிடிபடாது. இதை அஃபேசியா என்று படித்திருப்பீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது.

மூளையில் எந்த இடம் கெட்டால் எது போகும் என்பதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டீர்கள். அந்த மனிதரின் கட்டில் பக்கத்தில் நின்று என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பது வேறு படிப்பு. 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து நோயாளியோடு பேசும் முறையைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் நாம் பழகுவதெல்லாம் பேச முடிகிற நோயாளியோடுதான். ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பேச முடியாதவரைப் பற்றி நான் கற்றதை எழுதுகிறேன்.

1. திடீரென்று பேச்சு குழறுகிறது என்று யாராவது வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

அது அவசர கேஸ். விரலில் குத்தி உடனே சுகர் பாருங்கள். சுகர் இறங்கினாலும் பேச்சு குழறும், அது நிமிடத்தில் சரியாகக்கூடியது. சுகர் சரியாக இருந்தால், “கடைசியா எப்ப நல்லா பேசிட்டு இருந்தாரு?” என்று கேட்டு அந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டின் தலையில் எழுதுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கும் முன்னால் சி.டி. எடுத்தாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை எழுபது கிலோமீட்டருக்கு மேல். “வாய் கோணிப்போச்சு, காத்து அடிச்சிருச்சு” என்று சொல்லி எண்ணெய் தடவி ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்து கொண்டுவருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். ஊருக்குள் முகாம் போகும்போது 108-ஐயும் இந்த நாலரை மணிக் கணக்கையும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று. பேச்சு குழறுகிறவருக்கு விழுங்குவதும் தடுமாறும். விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் முன் காப்பி, இட்லி, பால்கோவா எதையும் வாயில் ஊட்ட விடாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

2. முதல் கேள்வி நோயாளிக்கு. இரண்டாவதுதான் கூட வந்தவருக்கு.

இதை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பேச முடியாதவர் வந்ததும் நம் கண் தானாகவே அட்டெண்டர் பக்கம் திரும்பிவிடுகிறது. “அவருக்கு என்ன பண்ணுது?” என்று மனைவியிடம் கேட்கிறோம். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதராகப் பேசுகிறோம். ஐந்து நிமிடம் கழித்து அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். உடனே “ஒத்துழைப்பு இல்லை” என்று எழுதுகிறோம்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேரே உட்காருங்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கப் பார்வை போயிருக்கலாம், அப்படியானால் பார்வை இருக்கிற பக்கம் உட்காருங்கள். “ஐயா, வணக்கம். நான் டாக்டர்” என்று ஆரம்பியுங்கள். மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்வார். அது அன்பினால்தான், நாள் முழுதும் அவர்தான் அவருக்கு வாயாக இருக்கிறார். “அம்மா, ஐயா முதல்ல சொல்லட்டும். விட்டுப்போனதை உங்ககிட்ட கேட்டுக்கிறேன்” என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு அவரிடம் கேட்கும்போதும், “அம்மாகிட்ட கேட்கட்டுமா?” என்று நோயாளியின் அனுமதி வாங்கிக் கேளுங்கள். மூத்திரம், மலம், தூக்கம், மனக்கஷ்டம் போன்ற சிலவற்றை மகனையோ மருமகளையோ வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

குழந்தையிடம் பேசுகிற மாதிரி “கண்ணு, சாப்ட்டியா?” வேண்டாம். கத்தவும் வேண்டாம். எழுபது வயதுக்காரரை எப்போதும்போல் “ஐயா” என்றோ “அண்ணாச்சி” என்றோ கூப்பிடுங்கள்.

3. சொல் போனதால் அறிவும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற சர்ஜனிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது “டான்” என்ற ஓசைதான். ஆஸ்பத்திரியே அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டது. அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்து, பேச்சுக்கான இடத்தைப் புரோக்கா சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். புரோக்கா எழுதி வைத்த இன்னொரு விவரத்தை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எத்தனை வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, லெபோர்ன் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. கணக்கு சரி.

நம் ஊர் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977-ல் இன்றைய விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டையில் ஜெயித்து முதலமைச்சரானவர் எம்.ஜி.ஆர். 1984 அக்டோபரில் உடம்பு முடியாமல் அப்போலோவில் சேர்த்தார்கள். சிறுநீரகக் கோளாறோடு பக்கவாதமும் சேர்ந்துகொண்டது. நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து பதவியேற்றார். பேச்சு பழைய தெளிவுக்கு வரவே இல்லை. 1987 டிசம்பரில் இறக்கும்வரை அவர்தான் முதலமைச்சர். அவருக்கு வந்தது எந்த வகை என்று நான் இங்கே நோய் நிர்ணயம் செய்ய வரவில்லை. பேச்சு தெளியாத ஒருவர் முடிவெடுக்கலாம் என்று ஒரு மாநிலமே ஏற்றுக்கொண்டது. அந்த மரியாதையை ஆறாம் நம்பர் கட்டிலில் கிடக்கும் பால்காரருக்குக் கொடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

“ஐயா, உங்களுக்கு என்ன சொல்லணும்னு தெரியும், சொல்லுதான் வரமாட்டேங்குது. எனக்குப் புரியுது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைக் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். டொராண்டோவில் ஆரா கேகன் என்ற பேச்சுப் பயிற்சியாளர் இதை ஒரு முறையாகவே வகுத்தார். 2001-ல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் பயிற்சி கொடுத்தது நோயாளிகளுக்கு அல்ல, அவர்களோடு பேச வந்த தன்னார்வலர்களுக்கு. தேறியது நோயாளிகளின் உரையாடலும்தான். அப்படியென்றால் நோயாளி எவ்வளவு பேசுவார் என்பதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

4. புரியவில்லை என்று எழுதும் முன் காது கேட்கிறதா என்று பாருங்கள்.

ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பு மில்கள். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிச் சத்தம் தெருவரை கேட்கும். முப்பது வருடம் அதற்குள் நின்றவருக்குப் பக்கவாதத்துக்கு முன்பே காது மந்தமாகியிருக்கும். அவருக்கு மூளையில் மொழி கெட்டதா, காதில் சத்தம் எட்டவில்லையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, பல்செட், காது மிஷின் மூன்றும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். எடுத்து வரச் சொல்லுங்கள்.

5. “பேச முடியலேன்னா எழுதிக் காட்டச் சொல்லு” என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

அஃபேசியாவில் பெரும்பாலும் எழுத்தும் சேர்ந்தே போகும். வலது கை வேறு விழுந்திருக்கும். பேனாவை நீட்டினால் அவர் அவமானப்படுவார். நாக்கும் உதடும் மட்டும் தளர்ந்து உச்சரிப்பு குழறுகிறவர் வேறு. அவருக்குப் புரிதல் முழுதாக இருக்கிறது, கை ஓடினால் எழுதுவார். புற்றுநோயால் குரல்வளையை எடுத்தவரும் எழுதுவார். திக்கிப் பேசுகிறவருக்கு வேறெதுவும் வேண்டாம், அவர் சொல்லை நீங்கள் முடித்துவைக்காமல் இருந்தால் போதும். இந்த நாலு பேரையும் “பேச்சு வராதவர்” என்று ஒரே பட்டியலில் போடாதீர்கள்.

6. ஒரு கேள்வியில் ஒரே ஒரு விஷயம்.

“நேத்து ராத்திரி சாப்ட்டதுக்கு அப்புறம் நெஞ்சு வலிச்சுச்சா, இல்ல காலைல எந்திரிச்சப்பவா, வேர்த்துச்சா, மாத்திரை போட்டீங்களா?” என்று ஓ.பி.யில் ஒரே மூச்சில் கேட்கிறோம். நல்லா இருக்கிறவரே தடுமாறுவார். “நெஞ்சு வலிக்குதா?” என்று கேட்டு உங்கள் நெஞ்சில் கை வையுங்கள். நிறுத்துங்கள். பதில் வந்த பிறகு அடுத்தது. பேச்சு மாறும்போது “இப்ப மாத்திரை பத்திக் கேக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மாறுங்கள். வார்டு டிவியை அணைக்கச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள். ரவுண்ட்ஸில் அதுதான் நடக்கிறது.

7. “ஆமா”வையும் தலையாட்டலையும் அப்படியே நம்பாதீர்கள்.

அஃபேசியா உள்ளவர்களுக்கு ஆமாவும் இல்லையும் இடம் மாறி வரும். மனசுக்குள் இல்லை என்று இருக்கும், வாயில் ஆமா என்று வரும். போதாததற்கு, நம் ஊர்த் தலையாட்டல் பக்கவாட்டில் ஆடினால் சரி என்றும் இருக்கலாம், வேண்டாம் என்றும் இருக்கலாம். எனவே முதலில் விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். “உங்க ஊர் வத்திராயிருப்பா?” “இது மெட்ராஸா?” “இவங்க உங்க வீட்டுக்காரம்மாவா?” ஐந்தாறில் அவர் பதில் சரியாக இருந்தால் அந்த ஆமாவை நம்பலாம். இல்லையென்றால் வேறு வழி பிடியுங்கள். ஒரு தாளில் ஒரு பக்கம் சரி என்று டிக் குறி, மறுபக்கம் பெருக்கல் குறி போட்டுத் தொடச் சொல்லுங்கள். கட்டைவிரலை மேலே, கீழே காட்டச் சொல்லுங்கள்.

எதிர்மறையில் கேட்பதை அடியோடு விடுங்கள். “வலி ஒன்னும் இல்லையே?” என்று கேட்டால், அதற்கு “ஆமா” என்றால் வலி இருக்கிறதா, இல்லையா? நமக்கே தெரியாது. முக்கியமான கேள்வியைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேளுங்கள். மாத்திரை அலர்ஜி, ஆபரேஷன் சம்மதம் இரண்டிலும் ஒரு தடவை வந்த பதிலை வைத்து எதுவும் செய்யக் கூடாது. சிலர் நம்மைத் திருப்திப்படுத்தவே எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். டாக்டர் முன்னால் இல்லை என்று சொல்லிப் பழகாத தலைமுறை அது.

8. காத்திருங்கள்.

1984-ல் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். அது நன்றாகப் பேசுகிறவர்களின் கதை. நம் ஓ.பி. கூட்டத்தை நான் அறியாதவனில்லை. அதனால்தான் சொல்கிறேன், பேச்சு போனவர்களை வரிசையின் நடுவில் பார்க்காதீர்கள். காலையில் முதல் ஆளாக வரச் சொல்லுங்கள், அப்போது அவர்களும் களைப்பில்லாமல் இருப்பார்கள். கேள்வி கேட்ட பிறகு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும், அவருக்கு அது வேலை செய்யும் நேரம். சொல் நாக்கு நுனிக்கு வரும் சமயத்தில் நீங்கள் இன்னொரு சொல்லை எடுத்துக் கொடுத்தால் இரண்டுமே போய்விடும். புரியாதபோது புரிந்த மாதிரித் தலையாட்டவும் கூடாது. “ஐயா, எனக்குப் பிடிபடல. நாளைக்குக் காலைல மறுபடி பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள்.

9. பாடுகிறார், எண்ணுகிறார், ஏசுகிறார் என்பதால் அவர் நடிக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்த பாட்டிக்குத் திருப்பாவை முப்பதும் மனப்பாடம். பக்கவாதத்துக்குப் பிறகு தண்ணீர் என்ற சொல் வராது, ஆனால் மார்கழியில் யாராவது எடுத்துக் கொடுத்தால் பாசுரம் கடகடவென்று வரும். மருமகள் என்ன நினைப்பார்? “பாட்டு மட்டும் வருது, எங்கிட்ட பேச மட்டும் வாய் வராதா?” என்பார். இந்த ஒரு சந்தேகத்தால் வீட்டுக்குள் உண்டாகும் காயம் பெரியது. ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, கிழமை சொல்வது, சாமி பாட்டு, கெட்ட வார்த்தை எல்லாம் பழக்கத்தில் ஊறிப்போன பேச்சு. நினைத்துக் கோத்துப் பேசுவது போனாலும் இவை மிஞ்சுவதுண்டு. இதை வீட்டாரை உட்கார வைத்து விளக்குங்கள். பாட்டின் ராகத்தைப் படியாக வைத்துப் பேச்சைத் திரும்பப் பழக்கும் முறை ஒன்று 1973-லிருந்து பாஸ்டனில் வளர்ந்து வந்திருக்கிறது. எல்லோருக்கும் உதவாது, சிலருக்கு உதவும்.

உங்களைப் பார்த்து அசிங்கமாக ஒரு சொல் வந்து விழுந்தால் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்த அடுத்த நொடி அவர் முகம் சுருங்குவதைக் கவனியுங்கள்.

10. வீட்டில் என்ன பாஷை என்று கேளுங்கள்.

ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. சுற்றுப்பட்டிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள குடும்பங்கள் நிறைய. இப்போது மில்களில் இந்தியும் ஒடியாவும் பேசும் பிள்ளைகளும் வேலை பார்க்கிறார்கள். இரண்டு மொழி தெரிந்தவருக்குப் பக்கவாதம் வந்தால் இரண்டும் ஒரே அளவில் திரும்புவதில்லை. முதலில் கற்றதே நிலைக்கும் என்று 1881-ல் ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னார். நோய்க்கு முன் அதிகம் புழங்கியதே முதலில் திரும்பும் என்று 1895-ல் பித்ர் சொன்னார். இரண்டுமே எல்லோருக்கும் பொருந்தவில்லை. கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

ஒரு வார்டில், ஒரு மூதாட்டியின் கேஸ் ஷீட்டில் “சம்பந்தமில்லாமல் உளறுகிறார்” என்று இரண்டு நாளாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பேரன் தமிழில் பேசினான், நர்ஸும் டாக்டரும் தமிழில் பேசினார்கள். மூன்றாம் நாள் தரை துடைக்க வந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: “சார், பாட்டி தண்ணிதான் கேக்குது. தெலுங்குல பாதி பாதியா சொல்லுது.” அந்த அம்மா கட்டிலருகே போய்த் தெலுங்கில் ரெண்டு வார்த்தை பேசியதும் பாட்டி அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. பேரனுக்குத் தெலுங்கு புரியும், பாட்டியிடம் தெலுங்கில் பேச வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நாமும் சொல்லவில்லை.

11. கைவசம் இருக்கிற பொருளைக் கொண்டு பேசுங்கள்.

இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஓ.பி. சீட்டின் பின்பக்கம், தடித்த ஸ்கெட்ச் பேனா, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர், அவர் வீட்டு ஆட்களின் படம் இருக்கும் செல்போன், மாத்திரை அட்டை, உங்கள் பத்து விரல். எப்போது ஆரம்பித்தது என்று தேதி கேட்டால் வராது. “ஆடிப்பூரம் தேருக்கு முன்னாடியா? பின்னாடியா?” என்று முன்னும் பின்னும் கையைக் காட்டிக் கேட்டால் வரும். வலி எவ்வளவு என்பதற்குச் சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்து தொடச் சொல்லுங்கள்.

சுந்தரபாண்டியத்துத் தறிக்காரர் ஒருவர். அவர் வாயில் மிஞ்சியது “போச்சு” என்ற ஒரு சொல். சந்தோஷத்துக்கும் போச்சு, கோபத்துக்கும் போச்சு. மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தட்டிவிடுகிறார், வீம்பு பிடிக்கிறார் என்று மகள் கூட்டி வந்தார். மனித உருவம் ஒன்றைத் தாளில் வரைந்து அவர் மடியில் வைத்தேன். இடது கை ஆள்காட்டி விரல் தாளின் மேல் ரொம்ப நேரம் அலைந்தது, வயிற்றைத் தாண்டியது, கழுத்தைத் தாண்டியது, வாயில் வந்து நின்றது. “பல்லா?” என்றேன். அசைவில்லை. “நாக்கா?” விரல் தாளை விட்டு எழுந்து அவர் கன்னத்தைத் தொட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் பழைய சோற்றுப் பருக்கை அடைந்து, புண் பழுத்திருந்தது. அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்பதால் சோறு தங்குவது அவருக்குத் தெரிந்திருக்காது. புண் ஆழமான பிறகுதான் வலித்திருக்கிறது. வாயைச் சுத்தம் செய்து மருந்து போட்டோம். மகள் அவர் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

அந்த இடது கை ஆள்காட்டி விரலை நினைவில் வையுங்கள். வலது பக்கம் விழுந்தவருக்கு இடது கைதான் வாய். அந்தக் கையிலேயே ட்ரிப் ஊசி குத்தி, அசைக்காமலிருக்க கட்டிலோடு கட்டியும் வைத்துவிட்டு “எதுவும் சொல்ல மாட்டேங்கிறார்” என்கிறோம். ஊசி போடும் முன் எந்த இடத்தில் போட்டால் அவர் கை அசையும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

12. காது கேளாத இளைஞர் வந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது.

நம் கிருஷ்ணன்கோவிலுக்கு இது மிகவும் தேவை. 1984-ல் தொடங்கிய கலசலிங்கம் பொறியியல் கல்லூரி, இன்றைய பல்கலைக்கழகம், காது கேளாத மாணவர்களுக்கென்று தனியாகப் பொறியியல் பட்டப் படிப்பை நடத்திப் பெயர் பெற்றது. அந்தப் பிள்ளைகள் கூட்டமாகக் கைகளால் பேசிச் சிரிப்பதைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு மொழி கெடவில்லை, அவர்கள் மொழி சைகை. குறை அந்த மொழி தெரியாத நம்மிடம்.

மாஸ்க்கைக் கழற்றி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ உட்காருங்கள். உதட்டைப் பார்த்து எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணாதீர்கள், உதட்டில் தெரிவது கொஞ்சம்தான். எழுதிக் காட்டலாம், சிறு சிறு வாக்கியமாக. பதிலாக அவர் எழுதும் வாக்கியத்தில் இலக்கணம் முன்பின்னாக இருந்தால் படிப்பறிவு குறைவு என்று எடைபோடாதீர்கள். சைகை மொழிக்கு வேறு இலக்கணம். கூட வந்த நண்பர் மொழிபெயர்த்தால் நல்லது, ஆனால் அந்தரங்கமான விஷயமென்றால் அந்த நண்பர் அங்கே இருக்கலாமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். கல்லூரியில் சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் வீடியோ அழைப்பில் கூப்பிடலாம். டெல்லியில் 2015-ல் அமைத்த இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2021-ல் பத்தாயிரம் சொற்களுடன் அகராதி கொண்டுவந்திருக்கிறது. வலி, காய்ச்சல், வாந்தி, மாத்திரை, ஊசி, பயப்படாதே என்று பத்துச் சைகைகளாவது கற்றுக்கொள்ளுங்கள். இவர்களுக்கும் இரண்டு கையையும் கட்டிப்போடும்படி ஊசி குத்தாதீர்கள்.

13. கேஸ் ஷீட்டில் எழுதும் சொல்லில் கவனம்.

“ஒத்துழைக்கவில்லை”, “குழப்பம்”, “உளறல்” என்று எழுதினால் அடுத்த டூட்டி டாக்டர் அதையே நம்பி எழுதுவார். டிஸ்சார்ஜ் வரை அது அவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வகை அஃபேசியாவில் பேச்சு சரளமாக ஓடும், அர்த்தம் மட்டும் இருக்காது. 1874-ல் வெர்னிக்கே விவரித்தது இதுதான். கை கால் நன்றாக இருப்பதால் இவர்களைப் பைத்தியம் என்று மனநல வார்டுக்கோ கோடாங்கியிடமோ கூட்டிப்போவது நடந்திருக்கிறது. நீங்கள் கண்டதை எழுதுங்கள்: “ஒரு சொல் கட்டளை புரிகிறது, ஆமா, இல்லை நம்பத்தக்கதல்ல, இடது கையால் படத்தைத் தொட்டுக் காட்டுகிறார், வீட்டு மொழி தெலுங்கு.” நாலு வரி. அடுத்தவருக்கு அரை மணி நேரம் மிச்சம்.

14. கட்டைவிரல் ரேகை விஷயத்தில் யாருக்கும் வளையாதீர்கள்.

ஆபரேஷனுக்கு மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக நோயாளியிடம் சொல்லாமல் கொண்டுபோகக் கூடாது. படம் வரைந்து, என்ன செய்யப்போகிறோம் என்று காட்டி, ஏழாவதில் சொன்னபடி அவர் ஆமாவைச் சோதித்து வாங்குங்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. வீடு, காடு, தோட்டம் எழுதி வாங்க ஒரு சொந்தம் வரும், “அப்பா நல்ல நினைவோட இருக்காருன்னு ஒரு சர்டிபிகேட்” என்பார்கள். இன்னொரு சொந்தம் வந்து “நினைவே இல்லைன்னு எழுதுங்க” என்பார்கள். இரண்டு பேருக்கும் அவசரமாக எழுதிக் கொடுக்காதீர்கள். தனியாகச் சோதித்து, தேவையானால் பேச்சுப் பயிற்சியாளரையும் மனநல மருத்துவரையும் கூட்டி, கண்டதை மட்டும் எழுதுங்கள்.

15. மாத்திரையைச் சொல்லிக் கொடுத்த பிறகு அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

அட்டையில் சூரியன், நிலா வரைந்து ஒட்டுங்கள். “காலைல எது?” என்று கேட்டு அவர் விரலால் தொடட்டும். பிரஷர் மாத்திரையை நிறுத்தியதால் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து திரும்ப வந்தவர்கள் எத்தனையோ பேர்.

16. “இனிமேல் பேச்சு வராது” என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

முதல் மூன்று மாதம் வேகமாகத் தேறும். அதன் பிறகு மெதுவாக, சிலருக்கு வருடக்கணக்கில் தேறிக்கொண்டே இருக்கும். பேச்சுப் பயிற்சியாளர்கள் நம் பக்கம் குறைவு. ஆனால் 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, மதுரை இருக்கிறது, அனுப்புங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சிக்கு வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். அவர்களுக்கும் இங்கே சொன்னதில் நாலைக் கற்றுக்கொடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேச முடியாதவர் அதைச் சொல்லவும் முடியாது, நீங்கள்தான் தேடிக் கேட்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழையும் மறக்காதீர்கள். 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, பேச்சும் மொழியும் அதில் இல்லை. 2016 சட்டம் இருபத்தொரு வகைகளைச் சொல்கிறது. அஃபேசியாவாலும் குரல்வளை நீக்கத்தாலும் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கை கால் விழுந்ததற்கு மட்டும் சதவீதம் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பேச்சுக்கும் போடச் சொல்லி எழுதுங்கள். வந்த குடும்பத்துக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

17. இரண்டு வயது தாண்டியும் பேசாத பிள்ளையை “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்ற பாட்டி வாக்கை நம்பித் திருப்பி அனுப்பாதீர்கள்.

காதைச் சோதிக்க அனுப்புங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த வழி இருக்கிறது. ஆறு தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

18. நாளைக் காலை ரவுண்ட்ஸுக்குப் போகும் முன் உங்கள் வார்டில் பேச்சு போனவர்கள் யார் யார் என்று ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சீஃப் வருவதற்கு அரை மணி முன்னால் போங்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ராத்திரி தூங்கினாரா என்று அவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.